பதினேழாம் மூட்டையின் பல்

போன மாதம் பென்ஷன் காகிதம் ஒன்றில் கையெழுத்துப் போட எங்கள் பழைய ஆபீசுக்குப் போயிருந்தேன். புதிதாக வந்திருக்கும் இளம் அதிகாரி ஒருவர் மேஜைமேல் ஒரு படத்தை விரித்து வைத்திருந்தார். சீனாவில் ஏதோ ஒரு இடத்தில் கல்லுக்குள் கிடைத்த பறவையாம். டைனோசர்கள் இருந்த காலத்துப் பறவை. இறகுகள் ஒவ்வொன்றாக எண்ணுகிற மாதிரி கல்லில் பதிந்திருந்தன.

"எப்படி இருக்குதுங்க அண்ணே?" என்றார்.

"நல்லா இருக்குதுங்க" என்றேன். எனக்கு முதலில் வந்தது ஆச்சரியம் இல்லை, பொறாமை. எவனோ ஒருவன் கல்லைத் தட்டியிருக்கிறான், முழுப் பறவையே கிடைத்திருக்கிறது. நாங்கள் இரண்டு வருஷம் மண்ணைக் கழுவினோம்.

இப்போது கல்லை உடைக்காமலே உள்ளே இருப்பதைப் பார்க்கும் மெஷின் வந்துவிட்டதாம். "அந்தக் காலத்துல கையால எப்படிப் பண்ணீங்கன்னு நம்ம ஊழியர் மலருக்கு எழுதிக் கொடுங்க" என்று அவர் கேட்டார். நான் அஞ்சாம் வகுப்பு. கூட்டத்தில் பேசச் சொன்னால் கழிப்பறைப் பக்கம் போய்விடுகிற ஆள். ஆனாலும் சரி என்றேன். எழுத வேண்டிய ஒன்று எனக்கு இருந்தது.

என் பேர் மாதையன். சொந்த ஊர் இண்டூர். அறுபதுகளின் நடுவில் தருமபுரியில் இருந்த எங்கள் கல் ஆராய்ச்சி ஆபீசில் கலாசியாக, அதாவது எடுபிடி ஆளாகச் சேர்ந்தேன். முதல் சில வருஷம் சுத்தியலும் பெட்டியும் தூக்கிக்கொண்டு பென்னாகரம் மலைகளில் அதிகாரிகள் பின்னால் நடந்தேன். அவ்வளவுதான் என் பயிற்சி.

எங்கள் மாவட்டத்துக் கல்லில் எலும்பு கிடைக்காது. பலர் கேட்பார்கள், அதனால் சொல்கிறேன். "நம்ம கல்லு எலும்புக்கெல்லாம் மூத்தது. இது உருவானப்போ எலும்புள்ள உயிரே கிடையாது" என்பார் தேவசகாயம் ஐயா. அவர்தான் எனக்கு மேலதிகாரி. தெற்கே நாகர்கோவில் பக்கத்துக்காரர். அதற்கு முன் கோதாவரிக் கரைக் காடுகளில் வேலை பார்த்தவர். அங்கே டைனோசர் எலும்பு கிடந்த களிமண் அடுக்கிலிருந்து மூட்டை மூட்டையாக மண் எடுத்து வைத்திருந்தார். கழுவிப் பார்ப்பதற்குள் இங்கே மாற்றல் வந்துவிட்டது. மேலிடத்தில் மன்றாடி அனுமதி வாங்கி, அந்த மூட்டைகளை லாரியில் தருமபுரிக்கே கொண்டுவந்துவிட்டார்.

பெரிய எலும்புகள் அவருக்கு வேண்டாம். "யானை பெருசு இருக்கிற எலும்பைக் குருடனும் கண்டுபிடிப்பான் மாதையன். அதுங்க காலடியில எலி மாதிரி, மூஞ்சூறு மாதிரி பால் கொடுக்கிற பிராணிங்க ஓடிக்கிட்டு இருந்துச்சு. மேல சின்னப் பறவைங்க பறந்துச்சு. அதுங்க பல்லு, எலும்பு எல்லாம் குண்டூசித் தலை அளவுதான். அது வேணும் எனக்கு" என்றார்.

வேலை இப்படித்தான். மூட்டை மண்ணை வெயிலில் நன்றாகக் காயவைக்க வேண்டும். ஈரம் துளி இருந்தாலும் ஆகாது. தொட்டியில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றினால் காய்ந்த களிமண் அதைக் குடித்துவிடும். மிச்ச எண்ணெயை வடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினால், கல் மாதிரி இருந்த கட்டி புஸ்ஸென்று கரைந்து கூழாகிவிடும். பித்தளை வலை அடித்த மரச் சல்லடையில் அந்தக் கூழை ஊற்றி, இண்டூர்ப் பக்கத்து ஏரியில் இறங்கி, சல்லடையைச் சாய்க்காமல் மேலும் கீழும் அசைக்க வேண்டும். சேறு போய்விடும். ஒரு மூட்டைக்கு ஒரு படி குருமணல் மிஞ்சும். அதை உலர்த்தி, கட்டம் போட்ட கறுப்புத் தட்டில் பரப்பி, லென்ஸ் வைத்து ஒவ்வொரு கட்டமாகப் பார்க்க வேண்டும். ஏதாவது தென்பட்டால் நனைத்த தூரிகை நுனியால் தொட்டு எடுத்து, சின்னக் கண்ணாடிக் குழாயில் போட வேண்டும்.

ஏரிக்கரைக்குத் துணி துவைக்க வந்த பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்ப்பார்கள். "ஏன்டா மாதையா, ரேஷன்ல எண்ணெய் இல்லன்னு வூட்ல விளக்கு ஏத்தாம கெடக்கறோம், நீங்க மண்ணுக்கு ஊத்தறீங்களா?" என்று என் சின்னம்மா கத்தினாள். தங்கம் எடுக்கிறார்கள் என்று ஊரில் பேச்சு. என் தம்பியே ஒரு நாள் ரகசியமாகக் கேட்டான், ஒரு துணுக்காவது கொண்டுவரக் கூடாதா என்று.

இதில் என் பொறுப்பு சீட்டு. ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு சீட்டு இருக்கும். எந்த இடம், எந்த அடுக்கு, மூட்டை எண். அந்தச் சீட்டு மூட்டையிலிருந்து தொட்டிக்கும், தொட்டியிலிருந்து உலர்த்தும் துணிக்கும், துணியிலிருந்து தட்டுக்கும் கூடவே வரவேண்டும். என் கையெழுத்து தெளிவாக இருக்கும் என்பதால் ஐயா என்னிடம் அதைக் கொடுத்திருந்தார். யார் எதைக் கண்டுபிடித்துக் கொண்டுபோனாலும் அவர் குழாயைப் பார்க்கமாட்டார். "பொருளை அப்புறம் பார்ப்போம். முதல்ல சீட்டு" என்பார். சீட்டை இரண்டு முறை படிப்பார். பிறகு என் பக்கம் திரும்பி, "சந்தேகம் ஒண்ணும் இல்லையே?" என்பார். "இல்லீங்க ஐயா" என்பேன். அதற்குப் பிறகுதான் லென்ஸை எடுப்பார்.

யாரையும் நீங்கள் என்றுதான் கூப்பிடுவார், கலாசிகளையும். பாராட்டு என்று ஒன்று அவர் வாயில் வராது. "ம்" என்பார். அதில் இரண்டு வகை. கீழே இறங்குகிற "ம்" என்றால் ஒன்றும் இல்லை. மேலே ஏறுகிற "ம்" என்றால் நல்லது. அந்த ஏறுகிற "ம்"முக்காக நான் சாப்பாடு மறந்து தட்டுப் பார்த்திருக்கிறேன்.

அப்போது ஐயாவின் கைக்கடிகாரம் நின்றுபோனது. பை தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன். தருமபுரிக் கடைத்தெருவில் ஒரு கடிகாரக் கடை. அண்ணன் தம்பி இரண்டு பேர். தம்பி பேர் ரஹீம். என் வயதுதான். கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு, கண்ணுக்கே தெரியாத ஒரு திருகாணியை இடுக்கியால் எடுத்து உரிய துளையில் வைத்தார். வைத்துக்கொண்டே அண்ணனோடு சண்டையும் போட்டார். ஐயா அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். கடிகாரத்தை வாங்கினார். அடுத்த வாரம் ரஹீமையும் தினக்கூலிக்கு வாங்கிவிட்டார்.

அன்றிலிருந்து எனக்கு நெஞ்சில் ஒரு எரிச்சல் ஆரம்பித்தது.

எல்லாருக்கும் அவரைப் பிடித்துவிட்டது. வந்த முதல் வாரமே மீன் செதிலும் முதலைப் பல்லும் எடுத்தார். எல்லாம் அரிசி நொய் அளவு. ஐயாவின் "ம்" ஏறிக்கொண்டே போனது. நான் சாயங்காலம் சீட்டு அடுக்கும் சாக்கில் அவருடைய குழாய்களை எண்ணுவேன். பிறகு என்னுடையதை எண்ணுவேன். மறுநாள் மறுபடியும் எண்ணுவேன். ஐயா சிரித்து நான் பார்த்ததே கிடையாது. ரஹீம் சொல்லும் கதைக்குச் சிரித்தார். எனக்கும் கதை தெரியும். சொல்ல வாய் வராது.

ஒரு நாள் எனக்கும் காலம் வந்தது. தட்டின் ஓரத்துக் கட்டத்தில் ஒரு எலும்புத் துண்டு. நெல் நீளம். உள்ளே குழல், சுவர் காகிதம் மாதிரி மெல்லிசு. பறவை எலும்பு உள்ளே காலியாக இருக்கும் என்று ஐயா சொல்லியிருந்தார். ரஹீமைக் கடந்து, அவர் பார்க்கும்படியே, குழாயை உயர்த்திப் பிடித்துக்கொண்டு போனேன்.

ஐயா சீட்டைப் படித்தார். கேட்டார். சந்தேகம் இல்லீங்க ஐயா என்றேன். லென்ஸில் பார்த்தார். பிறகு தீப்பெட்டி எடுத்து ஒரு குச்சியைக் கொளுத்தி, எலும்பின் நுனியில் லேசாகக் காட்டினார். முடி கருகுகிற நாற்றம் வந்தது. கல்லாகிப்போன எலும்பு நாறாது.

"கோழி" என்றார் ஐயா. "ஏரியில மிதந்திருக்கும். சல்லடையில புகுந்துடுச்சு."

ரஹீம் பின்னாலேயே நின்றிருந்தார். "மாதையா, டைனோசர் காலத்துல பிரியாணி போட்டவன் யாருப்பா? எனக்குச் சொல்லாம போட்டுட்டானே!"

ஆபீஸ் முழுக்கச் சிரித்தது. ஐயாவும் சிரித்தார். அன்றிலிருந்து ஏரித் தண்ணீரை வேட்டித் துணியில் வடிகட்டிப் பீப்பாயில் பிடித்து, அதில்தான் கழுவினோம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் என் பேர் கோழி மாதையன் ஆகிவிட்டது. ரஹீம் அதை அன்பாகத்தான் கூப்பிடுவார். சொல்லிவிட்டுத் தன் சாப்பாட்டுப் பாத்திரத்தை என் பக்கம் நகர்த்துவார். அதனாலேயே இன்னும் வலித்தது.

இன்னொரு வழக்கமும் இருந்தது. ஒவ்வொரு தட்டையும் இரண்டு பேர் பார்க்க வேண்டும். ஒருவர் பார்த்து முடித்ததை இன்னொருவர் திரும்பப் பார்ப்பார். பதினேழாம் மூட்டை மணலை நான் முதலில் பார்த்தேன். இரண்டு நாள் பார்த்தேன். ஒன்றும் இல்லை என்று தட்டை ரஹீமிடம் தள்ளினேன். மதியத்துக்குள் அவர் பேச்சை நிறுத்திவிட்டார். ரஹீம் பேசாமல் இருந்தால் அறையில் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும். நிமிர்ந்து பார்த்தேன். தூரிகை நுனியை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, கொஞ்சம் வாங்க" என்றார். குரலில் விளையாட்டே இல்லை.

ஐயா வந்தார். அன்றைக்குத்தான் அவர் சீட்டைக் கேட்காமல் லென்ஸில் குனிந்ததைப் பார்த்தேன். வெகுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. தன் நாற்காலியை இழுத்து ரஹீமுக்குப் போட்டார்.

"பாலூட்டியோட பல்லு. டைனோசர் காலத்துப் பாலூட்டி. நம்ம எல்லாருக்கும் அது பாட்டன் முறை ரஹீம்."

"பாட்டன் பல்லையே புடுங்கிட்டேனுங்களா ஐயா?"

என்னையும் கூப்பிட்டுக் காட்டினார்கள். கேழ்வரகுப் பருமன்கூட இல்லை. நான் சரியாகப் பார்க்கவில்லை. என் மனசெல்லாம் வேறொன்றில் இருந்தது. அந்தத் தட்டு இரண்டு நாள் என் கண்ணுக்குக் கீழே கிடந்தது. அந்தப் பல் என்னைத் தாண்டி அவரிடம் போயிருக்கிறது.

மறுநாள் காலை மூட்டை அறையில் ஐயா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மேலிடத்துக்குக் கடிதம் எழுதப் போவதாகச் சொன்னார். "கண்டுபிடிச்சவர்னு ரஹீம் பேரைப் போடறேன். அதைக் காட்டி அவருக்கு நிரந்தர வேலைக்கும் எழுதிடலாம். தினக்கூலில எத்தனை நாள் இருப்பார்?" பிறகு குழாயின் சீட்டை எடுத்து இரண்டு முறை படித்தார். வழக்கம்போல என் பக்கம் திரும்பினார்.

"சந்தேகம் ஒண்ணும் இல்லையே?"

"கொஞ்சம் இருக்குதுங்க ஐயா" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. ஆனால் சொன்ன பிறகு, மேலே சொல்ல வேண்டியதெல்லாம் தானாக வந்தது. கழுவின அன்றைக்குப் பதினேழாம் மூட்டைச் சீட்டும் இருபத்திரண்டாம் மூட்டைச் சீட்டும் தண்ணீரில் விழுந்துவிட்டன, நனைந்ததைத் திரும்ப எழுதி வைத்தேன், எது எந்தத் துணியில் இருந்தது என்று நிச்சயமில்லை என்றேன். இருபத்திரண்டு ஆற்றோர மேல்மண். ஒப்பிட்டுப் பார்க்க எடுத்த இந்தக் காலத்து மண். அதில் நேற்றுச் செத்த மூஞ்சூறும் இருக்கலாம்.

ஐயா ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். மூன்று முறை திரும்பத் திரும்பக் கேட்டார். மூன்று முறையும் ஒரே மாதிரி சொன்னேன். பேசாத ஆள் பேசினால் நம்புவார்கள். அவர் நம்பினார்.

ரஹீம் நம்பவில்லை. "ஐயா, மாதையன் சீட்டு மாறுமா? சீட்டு நனைஞ்சிருந்தா அன்னைக்கே உங்ககிட்ட வந்து அழுதிருப்பானுங்க. அவனைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

"அவரேதான் சொல்றார்" என்றார் ஐயா.

ரஹீம் என் முகத்தைப் பார்த்தார். நான் என் கால் பெருவிரலைப் பார்த்தேன்.

"பல்லைப் பாத்தாலே பழசுன்னு தெரியலீங்களா ஐயா?"

"எனக்குத் தெரியுது. எனக்குத் தெரிஞ்சா போதாது. எங்கிருந்து வந்துச்சுன்னு கேப்பாங்க. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல." குழாயின்மேல் சிவப்பு மசியில் 'இடம் ஐயம்' என்று எழுதி இழுப்பறையில் வைத்துச் சாத்தினார்.

கடிதம் போகவில்லை. இரண்டு வருஷமாக மண்ணெண்ணெயைக் கொட்டி என்ன கண்டீர்கள் என்று மேலிடத்தில் கேட்டார்கள். காட்ட ஐயாவிடம் மீன் செதில்தான் இருந்தது. மண் வேலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. தினக்கூலிக்காரர்களை அனுப்பிவிட்டார்கள். நான் நிரந்தரம், இருந்தேன். ரஹீம் தன் லென்ஸைத் துணியில் சுற்றிக்கொண்டு அண்ணன் கடைக்கே போனார். போகும்போது, "வரேன் கோழி" என்று என் தோளில் தட்டினார். அவர் போனால் எரிச்சல் அடங்கும் என்று நினைத்திருந்தேன். அடங்கவில்லை. அந்தப் பல்லைக் கண்டுபிடித்தவர் அவர் என்பது அவரோடு போய்விடவில்லை.

ஒரு மாதம் கழித்து ஐயாவிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். சீட்டு நனையவில்லை, விழவில்லை, பல் பதினேழாம் மூட்டையில் வந்ததுதான் என்று. திட்டுவார், வேலையை எடுத்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"மாதையன், அன்னைக்குச் சொன்னது பொய், இன்னைக்குச் சொல்றது நிஜம். அப்படித்தானே?"

"ஆமாங்க ஐயா."

"அன்னைக்கும் இதே மூஞ்சியோடதான் சொன்னீங்க. இதை நான் நம்பறேன். ஆனா உங்க வார்த்தையை வச்சு இனிமே நான் எதையும் எழுத முடியாது. போங்க."

அதோடு சரி. பதினேழாம் மூட்டையில் இன்னொரு பல் கிடைத்தால் எல்லாம் நேராகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. மிச்ச மணலை வேலை முடிந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில், தனியாக உட்கார்ந்து மூன்று முறை பார்த்தேன். ஐயா தடுக்கவில்லை, கூட உட்காரவும் இல்லை. ஒன்றும் கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் அவர் மாற்றலாகிப் போனார். குழாயையும் கொண்டுபோய்த் தலைமை ஆபீசில் ஒப்படைத்தார். பிற்பாடு அதே கோதாவரிப் பக்கத்து மண்ணிலிருந்து வேறு ஆட்கள் இப்படிப்பட்ட பற்கள் எடுத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். முதலில் எடுத்தவர்கள் என்று அவர்கள் பேர்தான் வந்திருக்கும்.

நான் தொடர்ந்து வேலை பார்த்தேன். எழுபதுகள் முழுக்க அரூர்ப் பக்கம், பென்னாகரம் பக்கம் பாறை துளைக்கும் வேலை. சீட்டு எழுதும் வேலையை யார் கொடுத்தாலும் வாங்கவில்லை. ஐம்பது தாண்டியதும் கண் மங்கி, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். இத்தனை வருஷமும் ரஹீம் இருந்தது அதே ஊரில். அந்தக் கடைத்தெருவில் போகாமல் சுற்றிப் போவேன்.

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தபோது, அவரிடம் சொல்லாமல் ஊருக்கெல்லாம் சொல்வது சரியில்லை என்று பட்டது. போன வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து கடை திறக்கும் நேரமாகப் பார்த்துப் போனேன். அண்ணன் காலமாகிவிட்டார். ரஹீம் தாடியெல்லாம் வெளுத்து உட்கார்ந்திருந்தார். பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"அடடே, மாதையா! வா வா. இந்தத் தெரு ஒனக்குத் தெரியுமா? செத்துகித்துப் போயிட்டியான்னு நெனச்சேன்பா."

டீ வரவழைத்தார். டம்ளரைக் கீழே வைத்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டு, பொய், நிரந்தர வேலைக்கு ஐயா எழுத இருந்தது, ஒரு மாதம் கழித்துச் சொன்னது. அவர் ஒரு கடிகாரத்தைத் திறந்து வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் அதை மூடினார்.

"நிரந்தரத்துக்கு எழுத இருந்தாரா?"

"ஆமாங்க பாய்."

"அது எனக்குத் தெரியாது" என்றார். கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார். "மத்தது தெரியும். ஒன் சீட்டு மாறாது. நீ எதுக்குச் சொன்னேன்னுதான் புரியல. நான் ஒனக்கு என்ன பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணலீங்க. அது என் கண்ணுல படாம உங்க கண்ணுல பட்டுச்சு. அதான்."

மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, வெளியே போ என்றும் சொல்லவில்லை. ரசீதுப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கம் பென்சிலால் வரைய ஆரம்பித்தார். வரிசையாக மூன்று முனை. நடுமுனை உயரம். இடது முனையில் சின்னதாக ஒரு உடைசல். கீழே இரண்டு வேர், ஒன்று கொஞ்சம் வளைந்தது. "இங்க ஒரு கருப்புக் கோடு ஓடும். வெளிச்சத்துல திருப்பினா தேன் நிறமா இருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பென்சிலைச் சாய்த்து நிழல் தீட்டினார்.

கால் நூற்றாண்டு ஆகிறது. நானும் அதே லென்ஸில் பார்த்தேன். எனக்கு ஒரு முனைகூட நினைவில் இல்லை.

வரைந்து முடித்ததும் எனக்குத் தருவார் என்று நினைத்துக் கையை நீட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார். தாளை நாலாக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"எழுதறதுன்னா எழுது. என் பேரை மட்டும் சரியாப் போடு" என்று சொல்லிவிட்டு, காத்திருந்த ஒருவரிடமிருந்து கடிகாரத்தை வாங்கி லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டார்.